தாய்ப்பாலும் அதனை எடுக்கும் கருவியும்

(அரூரில் கூடிய நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் செய்த பிரசங்கம்)



சென்ற மாதக் கூட்டம் கலைந்தபின் நம் காரியதரிசி அவர்கள் என்னை அணுகி, "அடுத்த கூட்டத்தில் தாங்கள் பேசவேண்டும், விஷயம் தங்கள் விருப்பம்" என்றார்கள். தமிழ்ப் பண்டிதன் பேசுவதாயின் குறளைக் குறித்தோ கம்பரைக் குறித்தோ பேசுவான் என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யான் தந்த தலைப்பைக் கண்டதும் சற்றுத் திகைத்து, "ஐயா, இது பெண்டிர் காரியமாயிற்றே! சபையிற் பேசத் தகுமா?" என்று வினவினார்கள். "பெண்டிர் காரியமே, ஆயினும் கடைக்குச் சென்று பணங்கொடுத்து வாங்கி வருபவர் நாமல்லவோ? அறியாமல் வாங்கிவந்து ஒரு பிள்ளை பெற்றவளுக்குத் துன்பஞ் செய்தவன் யான். அதனாலேயே பேச விரும்புகிறேன்" என்று விடையளித்தேன். அவர்களும் இசைந்தார்கள். ஈண்டு யான் கூறுவனவற்றில் குற்றமிருப்பின் பெரியோர் பொறுப்பாராக.

முதற்கண் நிகழ்ந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் தமக்கையின் மகளுக்கு அது தலைப்பிரசவம். நாற்பது வாரம் நிரம்ப வேண்டிய கரு, முப்பத்திரண்டாம் வாரத்திலேயே வெளிவந்துவிட்டது. பெண் மகவு, எடை 1,500 கிராமுக்குச் சற்றே மேல். நகர் ஒன்றின் மருத்துவமனையில் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு மாடியிலும், தாயைக் கட்டிலில் மற்றொரு மாடியிலும் வைத்தார்கள். உறிஞ்சிக் குடிக்கும் வலிமை அக்குழந்தைக்கு இல்லை. "தாயின் பாலை எடுத்துக் கொண்டு வாருங்கள், குழாய் வழியே கொடுப்போம்" என்றார்கள்.

தாய்மாமனாகிய யான் ஒரு கடைக்கு ஓடினேன். அங்கே கண்ணாடிப் புனலின் வாலில் ரப்பர்க் குமிழ் பொருத்திய கருவி ஒன்றைத் தந்தார்கள். பார்ப்பதற்குப் பழைய மோட்டார் வண்டியின் ஊதுகுழல் போல இருந்தது. விலை மலிவு. "எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள்" என்றார் கடைக்காரர். யானும் வாங்கினேன். இரண்டு நாள் அதனோடு அப்பெண் பட்ட பாட்டை எவ்வாறு சொல்வேன்! காம்பு வெடித்து இரத்தங் கசிந்ததேயன்றிப் பால் துளியும் வரவில்லை. வீட்டு முதியோர், "இவளுக்குப் பாலே இல்லை, பவுடர் டப்பா வாங்குங்கள்" என்றார்கள். அவள் சுவர்ப்பக்கந் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மூன்றாம் நாட் காலையில் செவிலியர் ஒருவர் அக்கருவியைக் கண்டு, "இதை யார் வாங்கிக் கொடுத்தது?" என்று கேட்டார். யான் தலைகுனிந்து நின்றேன். அவர் அதனை அப்புறப்படுத்தி, தம் கையைக் கழுவிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கையாற் பால் எடுக்கும் முறையைக் காட்டினார். கால் மணி நேரத்தில் ஒரு சிறு கிண்ணத்தின் அடியில் மஞ்சள் நிறமாய் அரைத் தேக்கரண்டிச் சீம்பால் நின்றது. பால் இல்லாமலில்லை, எடுக்கும் வழி நமக்குத் தெரியாமலிருந்தது. அவ்வளவே.

நிற்க. பால் எவ்வாறு சுரக்கின்றது என்பதை அறிந்தாலன்றிக் கருவியைத் தெரிந்தெடுத்தல் இயலாது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி விழுந்ததும் தாயின் உடலில் புரோலாக்டின் என்னும் சுரப்பு பாலை உண்டாக்கத் தலைப்படுகிறது. குழந்தை சப்பும்போது ஆக்ஸிடோசின் என்னும் மற்றொரு சுரப்பு எழுந்து, உண்டான பாலைப் பிதுக்கி வெளியே தள்ளுகிறது. முன்னையது பெரும்பாலும் இரவில் மிகும். பின்னையது அச்சத்தாலும் வலியாலும் தடைப்படும். குழந்தையை நினைத்த அளவிலேயே பெருகவுஞ் செய்யும். இவ்விரண்டோடு மூன்றாவது விதியொன்று உண்டு. எடுக்க எடுக்கப் பால் ஊறும். எடுக்காது தேங்கினால் ஊற்றுத் தானே அடங்கும். மணற்கேணி தோண்டியறிந்த நமக்கு இஃது அரிய உண்மையன்று. வலி தருங் கருவியொன்றைக் கொடுத்து, "உனக்குப் பாலில்லை" என்ற சொல்லையும் உடன் கொடுத்தால், சுரப்பு இருவகையாலும் அடைபடும் என்பது சொல்லாமலே விளங்கும்.

முதல் நாட்களின் சீம்பால் அளவிற் சிறிது, ஆற்றலிற் பெரிது. நோயெதிர்க்கும் பொருள்கள் அதில் நிறைந்திருக்கின்றன. அதனைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரை நீரும் தேனும் கழுதைப்பாலும் சேனை வைக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதனை அறவே ஒழிக்க வேண்டும். ஆறு மாதம் வரையில் தாய்ப்பாலன்றித் தண்ணீரும் வேண்டாமென்றும், அதன்பின் பிற உணவோடு இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் பால் கொடுக்கலாமென்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது. குறைமாதக் குழந்தைக்கோ அஃது உணவு மட்டுமன்று, மருந்துமாம். சிறு குடல் அழுகி உயிர் போக்கும் கொடுநோய் ஒன்று அத்தகைய குழந்தைகளைத் தாக்குவதுண்டு. தாய்ப்பால் அருந்துங் குழந்தைகளிடம் அது குறைவாகக் காணப்படுகிறது.

இது நம்மூருக்குத் தொலைவான செய்தியென்று எவரும் எண்ணற்க. 2014-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், இவ்விடத்திலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தூரத்திலுள்ள தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பத்துக்கு மேற்பட்ட பச்சிளங் குழந்தைகள் இறந்தமையும், அவற்றுட் பல எடை குறைந்து பிறந்தவை என்று அப்போது கூறப்பட்டமையும் உங்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு மரணத்திற்கும் காரணம் வேறு. அவற்றை ஆராய யான் மருத்துவனல்லன். ஆனால் எடை குறைந்த குழந்தைகள் நம் மாவட்டத்திற் பிறக்கின்றன என்பதும், அவற்றுக்கு முதல் நாளிலேயே தாய்ப்பால் கிடைக்கச் செய்வது குடும்பத்தாரால் இயன்ற பேருதவி என்பதும் உறுதி.

இனிக் கருவியின் வரலாற்றைச் சுருங்கச் சொல்லுவேன். அமெரிக்க நாட்டில் 1854-ஆம் ஆண்டில் ஆர்வெல் நீடம் என்பார் இத்தகைய கருவிக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். 1920-களில் மின்சாரத்தால் இயங்கும் கருவியொன்றை அமைத்தவர் எட்வர்டு லாஸ்கர். இவர் பொறியியல் வல்லுநர்; சதுரங்க ஆட்டத்திலும் பெரும்பேர் பெற்றவர். ஸ்வீடன் தேசத்து எய்னர் எக்னெல் என்னும் பொறியியலார், தாயின் மார்புக்கு ஊறு செய்யாத இழுப்பு எவ்வளவென்று ஆராய்ந்து, 1956-ல் மருத்துவமனைகளுக்கேற்ற கருவியை உருவாக்கினார். வீட்டிற் பயன்படும் சிறு மின்கருவிகள் 1990-களிற் பரவலாயின. இப்போது ஆடைக்குள்ளேயே வைத்துக்கொள்ளத் தக்கவையும் கடைக்கு வந்துவிட்டன. ஆயினும் இவை யாவற்றினும் பழையதும், செலவற்றதும், மின்சாரம் வேண்டாததுமான கருவி தாயின் கையே.

கையால் எடுக்கும் முறையைத் தாய்மார் செவிவழியாகவேனும் அறிந்திருத்தல் நன்று. கையைச் சோப்பிட்டுக் கழுவிக்கொண்டு, கட்டைவிரலைக் கருவட்டத்தின் விளிம்பில் ஒரு பக்கமும், மற்ற விரல்களை எதிர்ப்பக்கமும் வைத்து, முதலில் நெஞ்சை நோக்கிப் பின்னாக அழுத்தி, பிறகு விரல்களை ஒன்றையொன்று நோக்கி அழுத்தி, விட்டுவிட வேண்டும். இவ்வாறே மீண்டும் மீண்டும் செய்து, விரல்களை இடம் மாற்றிச் சுற்றிவர வேண்டும். காம்பைப் பிடித்து இழுத்தலும் தோலைத் தேய்த்தலும் கூடா. முதல் இரண்டு மூன்று நாட்களில் சீம்பால் கெட்டியாகவும் சிறிதாகவும் இருத்தலால், கருவியின் சுவர்களில் ஒட்டிப்போவதினும் கையாற் கிண்ணத்தில் எடுத்தலே சிறந்தது. குழந்தை தாயைப் பிரிந்திருக்குமாயின், பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கி, நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை, இரவில் ஒரு முறையேனும் தவறாமல், எடுத்துவர வேண்டும்.

இனி எவருக்கு எக்கருவி என்பதைப் பார்ப்போம்.

குழந்தை நிறைமாதத்திற் பிறந்து நன்றாகச் சப்பிக் குடித்து, தாயும் வீட்டோடு இருப்பாளாயின், கருவி எதுவும் வேண்டாம். விளம்பரத்தைக் கண்டோ, பக்கத்து வீட்டில் இருக்கிறதென்றோ வாங்குதல் வீண் செலவு.

எப்போதாவது வெளியே செல்பவளுக்கும், பால் கட்டிக்கொண்டு குழந்தை வாய்வைக்க இயலாதபோது சிறிது தளர்த்த வேண்டியவளுக்கும், கையே போதும். அது வாராவிடின் பிடியை அழுத்தி இயக்கும் கைக்கருவி போதும். அது சில நூறு ரூபாய் முதல் கிடைக்கின்றது. மின்சாரம் நின்றாலும் அது நிற்காது.

பள்ளி, அலுவலகம், ஆலை முதலியவற்றிற்கு நாள்தோறும் எட்டு ஒன்பது மணி நேரம் செல்லும் தாய்க்கு, இரு பக்கமும் ஒருங்கே எடுக்கும் மின்கருவி ஏற்றது. உணவு இடைவேளையின் கால் மணி நேரத்தில் ஒவ்வொரு பக்கமாக எடுத்து முடித்தல் அரிது. மின்னேற்றி வைத்துக்கொள்ளும் பாட்டரி உள்ளதாயின் நம்மூர் மின்தடைக்கு அஞ்ச வேண்டுவதில்லை. ஆடைக்குள் அணியுங் கருவி வசதியானதே. ஆனால் பால் நன்றாக ஊறி நிலைப்பதற்கு முன் அதனையே நம்பியிருத்தல் தகாது.

குறைமாதக் குழந்தையின் தாய்க்கும், வாரக்கணக்கில் குழந்தையைப் பிரிந்திருப்பவளுக்கும், மருத்துவமனைகளில் வைக்கும் வலிய கருவியே தக்கது. அதன் விலை குடும்பங்களால் தாங்கத் தக்கதன்று. அஃது இரவலாகவோ வாடகைக்கோ பெறத் தக்கது. யந்திரம் பொதுவாயினும், பால் படும் புனலும் குழலும் புட்டியும் அவரவர்க்குத் தனித்தனியே வேண்டும்.

வாங்கும்போது நோக்க வேண்டியவை சில.

முதலாவது, யான் வாங்கிய ரப்பர்க் குமிழ்க் கருவியை வாங்கற்க. அதன் இழுப்பை அளவிட்டு அடக்க முடியாது. பால் குமிழுக்குள் ஏறிவிடும். அதன் உட்புறத்தைக் கழுவவும் முடியாது.

இரண்டாவது, புனலின் அளவு. பெரும்பாலான பெட்டிகளில் 24 மில்லிமீட்டர் புனலையே வைத்திருக்கிறார்கள். எல்லாத் தாய்மாரின் உடலும் ஓர் அளவினதன்று. காம்பு புனலின் குழாயில் உராயாமல் முன்னும் பின்னும் செல்ல வேண்டும். கருவட்டம் அதிகமாக உள்ளே இழுக்கப்படலாகாது. வலித்தால் "பழகிப்போகும்" என்று சொல்லிப் பொறுக்கச் செய்யாதீர்கள், புனலை மாற்றுங்கள். ஆகவே வேறு அளவுப் புனல்கள் கிடைக்கும் கருவியையே வாங்குங்கள்.

மூன்றாவது, இழுப்பின் வலிமை. பாதரச அளவில் 250 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட இழுப்பு தீங்கு விளைவிக்கும். வலிமை மிகுந்தால் பால் மிகும் என்பது பிழை. குழந்தை முதலில் விரைவாகவும் மெல்லவும் சப்பிப் பால் இறங்கியபின் நிதானமாக இழுக்கும். கருவியும் அவ்விரு நடையும் உடையதாய், வலிமையைப் படிப்படியாக மாற்றத் தக்கதாய் இருத்தல் வேண்டும்.

நான்காவது, பால் மோட்டாருக்குள்ளும் குழலுக்குள்ளும் ஏறாதவாறு இடையிலே தடுப்புத் தோல் உள்ள அடைப்புக் கருவியா என்று கேளுங்கள். அவ்வாறில்லாததைப் பிறரிடமிருந்து வாங்கிப் பயன்படுத்துதல், அது உறவினருடையதே ஆயினும், தகாது.

ஐந்தாவது, சிறு ரப்பர் அடைப்பிதழும் தடுப்புத் தோலும் நாளடைவில் தளரும். தளர்ந்தால் இழுப்புக் குறையும். அவை தருமபுரியிலோ சேலத்திலோ தனியே கிடைக்குமா என்று விசாரித்த பின்னரே பணத்தை எடுங்கள். கிடைக்காவிடின் ஆயிரங்கள் கொடுத்து வாங்கியது மூன்றே மாதத்திற் பரணேறும்.

ஆறாவது, உறுப்புக்கள் எத்துணைக் குறைவோ அத்துணை நன்று, கழுவுதல் எளிது. கழுவுதலைச் சிறிதாக நினையாதீர்கள். 2016-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு குறைமாதக் குழந்தை, கருவியிற் படிந்த கிருமியால் மூளைக்காய்ச்சலுற்றது. அதன்பின் அந்நாட்டு நோய்த்தடுப்பு நிலையத்தார் கழுவும் முறைகளை விரிவாக வெளியிட்டார்கள். ஒவ்வொரு முறையும் பால் பட்ட உறுப்புக்களை உடனே கழற்றி, அதற்கென்றே வைத்த தனிப் பாத்திரத்தில் சோப்பு நீரிட்டுத் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்த வேண்டும். சோப்பு நீரில் ஊறப்போட்டுவிட்டு மறந்துவிடலாகாது. நாளுக்கு ஒரு முறை ஐந்து நிமிஷம் கொதிநீரில் இடவேண்டும்.

எடுத்த பாலைக் குளிர்ந்த அறையில் நான்கு மணி நேரம் வைக்கலாம்; நம்மூர்ச் சித்திரை வெயிலில் அதனினுங் குறைவாகவே வைக்க வேண்டும். குளிர்ப்பெட்டியின் உட்புறத்தில், கதவருகில் அன்று, நான்கு நாள் வைக்கலாம். உறையவைக்கும் பெட்டியில் ஆறு மாதம் வரை வைக்கலாம். ஒரு முறை உருகியதை மீண்டும் உறையவைக்கலாகாது. கொடுக்கும்போது அடுப்பில் வைத்துக் காய்ச்சாதீர்கள். வெந்நீர்க் கிண்ணத்தில் புட்டியை நிறுத்தி இளஞ்சூடாக்குதலே முறை. மருத்துவமனையிலுள்ள குழந்தைக்காயின் அங்குள்ளோர் சொல்லும் அளவையே கொள்க.

கொடுப்பது எதனால்? கருவியோடு வரும் ரப்பர்க் காம்புப் புட்டியால் அன்று. நம் பாட்டிமார் சங்காலும் பாலாடையாலும் புகட்டினார்கள். இன்றைய குழந்தை வைத்தியரும் பாலாடையையே விரும்புகிறார்கள். அது கழுவ எளிது. குழந்தை தாயின் மார்பை மறவாது. தாய்மாமன் சீரில் வெள்ளிச் சங்கு வைக்கும் வழக்கம் வெறும் ஆடம்பரமன்று என்பதை யான் அன்று உணர்ந்தேன். ஆனால் வெள்ளியினும் தூய்மை பெரிது. எஃகுப் பாலாடையே போதும்.

இன்னுமொன்று. கருவியின் புட்டியிற் கோடு போட்டிருக்கிறார்கள். மாமியாரும் நாத்தனாரும் அக்கோட்டை உற்றுநோக்கி, "இவ்வளவுதானா?" என்று கேட்பதை யான் கண்டிருக்கிறேன். கருவியில் வரும் அளவு தாயின் பாலுக்கு அளவன்று. குழந்தை இழுப்பது போலக் கருவி இழுக்காது. குழந்தை நாளுக்கு ஆறேழு முறை சிறுநீர் கழித்து, எடையும் ஏறிவந்தால் பால் போதுமென்று கொள்க. அக்கேள்வியை எவரும் கேளாதிருப்பதே பிள்ளை பெற்றவளுக்கு வீட்டார் செய்யும் முதல் வைத்தியம். மார்பு சிவந்து காய்ச்சல் கண்டால் கருவியால் மேன்மேலும் எடுத்து வருத்தாமல் மருத்துவரிடங் காட்டுங்கள்.

காம்பு உள்ளடங்கியிருத்தலாற் குழந்தை பற்ற இயலாத தாய்மாரும் உளர். கர்நாடகத்துத் தாவணகெரேயைச் சேர்ந்த குழந்தை வைத்தியர்கள், சாதாரண ஊசிக்குழாயின் முனையை அறுத்துத் திருப்பிப் பொருத்தி, மெல்ல இழுத்துக் காம்பை வெளிக்கொணரும் எளிய முறையை 1993-ல் வெளியிட்டார்கள். செவிலியர் துணையோடு அதனைச் செய்தல் நன்று. சில ரூபாய்ப் பொருள், பல்லாயிரம் ரூபாய்க் கருவி செய்யாததைச் செய்வதுண்டு.

விற்பனையைக் குறித்தும் ஒரு சொல். குழந்தைப் பால்மாவும் புட்டியும் விளம்பரப்படுத்தலாகாதென்று 1992-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் சட்டஞ்செய்து, 2003-ல் அதனைத் திருத்தி வலுப்படுத்தியது. பாலெடுக்குங் கருவியோ அச்சட்டத்திற் பேசப்படவில்லை. ஆதலின் அதன் விளம்பரம் கைப்பேசியைத் திறந்தவுடன் வந்து நிற்கின்றது. வாங்கும் நாமே விழிப்பாயிருத்தல் வேண்டும்.

பெரியோர்களே! இதுகாறும் சொன்னவை எவரும் மறுக்கமாட்டாதவை. இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம்.

என் தமக்கை மகளுக்குப் பால் வாராத அவ்விரண்டாம் நாளில், அம்மருத்துவமனை வைத்தியர், "இங்கே தாய்ப்பால் வங்கி இருக்கிறது, வேறு தாய்மார் கொடுத்த பாலைக் குழந்தைக்குக் கொடுக்கலாம், சம்மதமா?" என்று கேட்டார். எங்கள் வீட்டு முதியவர் ஒருவர் மெதுவாக, "யார் பாலோ? எந்தக் குலத்துப் பாலோ?" என்றார். வேறொருவர், "பெண்தானே, பொறுத்துப் பார்ப்போம்" என்றார். பலநூறு மாணாக்கருக்குத் தமிழறம் போதிக்கும் யானும் வாய்மூடி நின்றேன். மதியம் வரையில் அக்குழந்தைக்கு மருந்து நீரேயன்றி வேறொன்றும் இல்லை. இறுதியில், எழுந்து நிற்கவும் மாட்டாத அத்தாய்தான், "என் குழந்தைக்குக் கொடுங்கள்" என்று சொல்லிக் கையெழுத்திட்டாள். அந்த அரைநாளின் வெட்கம் என்னை விட்டு இன்னும் நீங்கவில்லை.

தாய்ப்பால் வங்கி என்பது ஆசியாவிலேயே முதன்முதலாக 1989-ல் பம்பாய் சயான் மருத்துவமனையில் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் என்னும் அம்மையாரால் நிறுவப்பட்டது. பின்னர் நம் நாட்டிலும் பல அரசு மருத்துவமனைகளில் அமைந்தது. மிகுதியாகப் பால் ஊறும் தாய் விலை பெறாமல் ஈகின்றாள். அவளுடைய இரத்தத்தைச் சோதித்து நோயில்லையென்று அறிந்தபின்பே பாலை ஏற்று, அதனை 62.5 டிகிரிச் சூட்டில் முப்பது நிமிஷம் வைத்துக் கிருமி நீக்கி, உறையவைத்துக் காக்கிறார்கள். வைத்தியருடைய ஏட்டில் நோய் எழுதப்படுகின்றது, குலம் எழுதப்படுவதில்லை.

நம் முன்னோர்க்கு இது புதிதோ? ஐவகைத் தாயரை எண்ணும் நிகண்டு முலைத்தாய் என்றும் ஒருத்தியைக் கூறுகின்றது. பெறாதவள் பாலூட்டுதலும் தாய்மையேயென்று பெயரிட்டுப் போற்றியது தமிழ். நாம் தைப்பூசத்திற் காவடியெடுக்கும் முருகன் அறுவர் கார்த்திகைப் பெண்டிர் பாலை அருந்தி வளர்ந்தவன். அரச குலத்துத் தேவகி பெற்ற கண்ணன் ஆயர் குலத்து யசோதையின் மடியில் வளர்ந்தான். தெய்வங்களுக்கு ஆகுமென்றால் நம் குழந்தைகளுக்கு ஆகாதோ? வீடுதோறும் ஆவின் பாலும் எருமைப் பாலும் வாங்கும்போது அதன் குலம் கேளாத நாம், மனிதத் தாயின் பாலுக்கு மட்டும் குலங் கேட்பது எவ்வாறு பொருந்தும்?

"பெண்தானே" என்ற சொல்லையும் விடுவதற்கில்லை. பெண் சிசுக்களுக்குத் தாய்ப்பாலை மறுத்துக் கள்ளிப்பாலும் எருக்கம்பாலும் புகட்டிய கொடுமையால் சேலம், தருமபுரிப் பகுதிகளின் பெயர் நாடெங்கும் இகழப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1992-ல் சேலத்தில் அரசு தொட்டிற் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியதும், 2001-ல் அதனைத் தருமபுரி முதலிய மாவட்டங்களுக்கு விரித்ததும் அதனாலேயே. கள்ளிப்பால் ஒழிந்ததென்று நாம் மகிழ்கிறோம். பெண் மகவுக்கு வாங்குவதென்றால் மட்டும் "இவ்வளவு விலையா?" என்று கேட்கும் நாவு ஒழிந்ததா என்பதை நாமே நம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் வகுப்பிற் படித்து உத்தியோகம் பார்க்கும் பெண்கள் பெருகியிருக்கிறார்கள். 1961-ஆம் ஆண்டின் பேறுகாலச் சட்டம் 2017-ல் திருத்தப்பட்டபோது, முதல் இரு குழந்தைகளுக்கு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது; 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யுமிடத்தில் குழந்தைக் காப்பகமும் விதிக்கப்பட்டது. தமிழ்நாட்டு அரசு ஊழியர்க்கு 2021 முதல் ஓராண்டு விடுப்பு உண்டு. 2015 ஆகஸ்டில் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளும் திறக்கப்பட்டன. ஆனால் செங்கற் சூளைக்கும், கட்டட வேலைக்குப் பெங்களூருக்கும் செல்லும் பெண்ணுக்கு இவற்றுள் எது எட்டுகிறது? நம் வகுப்பிலும் அத்தகையோர் உளர். ஆலையும் கடையும் நடத்தும் அங்கத்தினர் இங்கிருக்கிறீர்கள். உங்களிடம் வேலை செய்யும் தாய்க்குத் தாழ்ப்பாளுள்ள ஓர் அறை, ஒரு நாற்காலி, கைகழுவத் தண்ணீர், இருமுறை கால் மணி நேரம் ஆகிய இவற்றைக் கொடுப்பதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை.

முடிவாக, சங்கத்தின் முன் ஒரு விண்ணப்பம். கல்யாண மண்டபத்திற்குப் பாத்திரம் வாங்க நம்மிடம் நிதியுண்டு. அதிலிருந்து, பலரும் பயன்படுத்தத் தக்க மருத்துவமனைக் கருவி ஒன்றை வாங்கிச் சங்கத்தில் வைப்போம். தனித்தனி உறுப்புக்களை அவரவர் வாங்கிக்கொள்ள, இயலாதவர்க்குச் சங்கமே கொடுக்க, யந்திரத்தை இரவலாகத் தருவோம். ஆண்டிற்கு இருமுறை, ஆகஸ்ட் முதல் வாரத்துத் தாய்ப்பால் வாரத்தில் ஒன்றும், தைமாதத்தில் ஒன்றுமாக, செவிலியர் ஒருவரை அழைத்துக் கையாற் பாலெடுக்கும் முறையை நம் பெண்களுக்குக் கற்பிக்கச் செய்வோம். ஆண்களும் வெளியே நின்றாவது கேட்கட்டும்.

இரவற் புத்தகத்தில் பெயர், ஊர், கொண்டுபோன தேதி, திருப்பிய தேதி ஆகிய நான்கு பத்திகள் போதும். குலம் என்ற பத்தி வேண்டாம். சித்தேரி மலையிலிருந்து இறங்கிவரும் ஒரு தாய், குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் விட்டுவிட்டு நம் வாயிலில் வந்து நின்றால், "நீ எங்கள் அங்கத்தினளா?" என்று நாம் கேட்கலாகாது. நம் வீட்டுப் பெண் மகவு பிழைத்தது, இன்னாரென்று நமக்குத் தெரியாத ஒரு தாயின் பாலினால். அக்கடனை வேறெவ்வாறு தீர்ப்போம்?

அக்குழந்தைக்கு இப்போது இரண்டு வயது நிரம்பிவிட்டது. சென்ற வாரம் தீர்த்தமலைக்குச் சென்றபோது, படியேறமாட்டேன் என்று அழுது, என் தோளிலேறி உட்கார்ந்துகொண்டு, மேற்றுண்டைக் கடித்துக்கொண்டே வந்தாள். நல்ல பாரம்.